ஏரிக்குக் காய்ச்சல் அடித்தால் யாருக்குத் தெரியும்?

மேட்டூரில் இன்றைக்கு எத்தனை அடி தண்ணீர் என்று கேட்டால், டெல்டா பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் பாயின்ட் வைத்துச் சொல்வார். வரத்து எத்தனை கனஅடி, திறப்பு எத்தனை கனஅடி, எல்லாம் தினமும் பேப்பரில் வருகிறது. வைகை, பூண்டி, செம்பரம்பாக்கம் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு உண்டு. ஆனால் அந்தத் தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறது? மேலே எவ்வளவு, பத்தடி ஆழத்தில் எவ்வளவு? இதை எந்தப் பேப்பரிலும் நான் பார்த்ததில்லை. "தண்ணி சூடு தெரிஞ்சு என்னய்யா பண்ணப் போறே, வெந்நீர்க் குளியலா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சூட்டைப் பற்றி அக்கறைப்படுகிற ஒரே ஜாதி தூண்டில்காரர்கள். எங்கள் பெரியப்பாவும் அதில் ஒருவர். (எங்கள் பக்கம் ஏரி என்று சொல்ல மாட்டோம், கண்மாய்.) அவரிடம் தெர்மாமீட்டர் எல்லாம் கிடையாது. கரையில் இறங்கி முழங்கால் வரை நிற்பார், கொஞ்சம் தள்ளி இடுப்பளவு தண்ணீரில் நிற்பார், கால் விரலுக்கும் இடுப்புக்கும் சூடு எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்று பார்த்துவிட்டு, தக்கையை ஒரு முழம் மேலேயோ கீழேயோ தள்ளிக் கட்டுவார். பக்கத்தில் இருப்பவர் மூன்று மணி நேரமாகப் புழுவைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்க, இவருக்கு மட்டும் தக்கை முங்கும். சின்ன வயதில் இது ஏதோ கைராசி என்றுதான் நினைத்திருந்தேன். கைராசி இல்லை, கணக்கு. நான் படிப்பது பி.காம். என்பதால் எனக்குக் கணக்காகச் சொன்னால்தான் ஏறும். அப்படியே சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் வரவு. சித்திரை மாதத்து நல்ல வெயிலில் நம் ஊரில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 6 யூனிட் சக்தி விழுகிறது. கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்தான். ஒரு சதுர மீட்டர் பரப்பு, ஒரு மீட்டர் ஆழம் என்றால் ஆயிரம் லிட்டர் தண்ணீர். ஆயிரம் லிட்டரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு யூனிட்டுக்குச் சற்று மேலே வேண்டும். ஆக, வெயில் முழுவதும் தண்ணீரிலேயே தங்கிவிட்டால் ஒரு மீட்டர் ஆழக் கண்மாய் ஒரே நாளில் ஐந்து டிகிரி ஏறும். நான்கு மீட்டர் ஆழம் என்றால் ஒன்றேகால் டிகிரி. அரை மீட்டர் என்றால் பத்து டிகிரி! நிஜத்தில் அவ்வளவு ஏறாது. செலவுப் பக்கமும் உண்டு. ஆனாலும் விஷயம் இந்த இடத்திலேயே பாதி புரிந்துவிடும். வெயில் எல்லாக் கண்மாய்க்கும் ஒன்றுதான், ஆழம்தான் வேறு.

செலவுப் பக்கத்தில் பெரிய தொகை ஆவியாவது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போனால், போகும்போது எடுத்துக்கொண்டு போகிற சூடு கிட்டத்தட்ட 580 லிட்டரை ஒரு டிகிரி குளிரவைக்கும். மண்பானைத் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறதோ அதே காரணம். அதனால்தான் வறண்ட காற்று அடிக்கிற நாளில் வெயில் கொளுத்தினாலும் தண்ணீர் அவ்வளவு சூடாவதில்லை. காற்று அசையாமல் புழுங்குகிற நாளில் சூடு ஏறிக்கொண்டே போகிறது. இரவில் வானம் தெளிவாக இருந்தால் தண்ணீரின் சூடு வானத்துக்குப் போய்விடும், மேகம் மூடியிருந்தால் போகாது. மார்கழி விடியலில் கண்மாயில் இறங்கிக் குளித்தவர்களுக்கு ஒன்று தெரியும். வெளியே பல் கிட்டும், தண்ணீருக்குள் வெதுவெதுப்பாக இருக்கும். தண்ணீர் மெதுவாகச் சம்பாதித்து மெதுவாகச் செலவழிக்கிற ஆசாமி. காற்று அப்படி இல்லை, கையில் வந்ததை அன்றே செலவழித்துவிடும் (நம் ஹாஸ்டல் பையன்கள் மாதிரி :-)).

கலங்கல் தண்ணீர் இன்னொரு விஷயம். தெளிந்த தண்ணீரிலேயே வெயிலின் சூட்டில் பாதிக்கு மேல் முதல் ஒரு மீட்டருக்குள் நின்றுவிடுகிறது. சேறு கலங்கியோ பச்சைப்பாசி பிடித்தோ இருந்தால் எல்லாம் மேலேயே நின்றுவிடும். மேல்தண்ணீர் கொதிக்கும், கீழே வெயிலும் போகாது வெளிச்சமும் போகாது.

இந்த இடத்தில்தான் பெரியப்பாவின் தக்கை ரகசியம் வருகிறது. சூடான தண்ணீர் லேசு, குளிர்ந்த தண்ணீர் கனம். எனவே சூடானது மேலே மிதக்கும். இது எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியாமலிருந்து, தெரிந்தபோது ஆச்சரியப்படுத்தியது வேறு. தண்ணீர் மிகக் கனமாக இருப்பது 4 டிகிரியில். அங்கே ஒரு டிகிரி கூடினாலும் எடையில் வித்தியாசம் இல்லாத மாதிரிதான். ஆனால் 29-லிருந்து 30-க்குப் போகும்போது ஏற்படும் வித்தியாசம், 4-லிருந்து 5-க்குப் போகும்போது ஏற்படுவதைப் போல 30 மடங்குக்கும் மேல். அதாவது குளிர்நாட்டு ஏரியில் மேல்தண்ணீரும் கீழ்த்தண்ணீரும் கலக்காமல் தனித்தனி மாடியாக நிற்க நிறைய டிகிரி வித்தியாசம் வேண்டும். நம் ஊரில் இரண்டு மூன்று டிகிரி போதும், நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தளம் போட்ட மாதிரி ஆகிவிடும்.

எனவே யூட்யூபில் அமெரிக்கர்கள் சொல்லும் தூண்டில் பாடத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து பிரயோகிக்காதீர்கள். அங்கே ஏரி பனியாக உறைகிறது, வசந்தத்தில் ஒரு முறை, இலையுதிர் காலத்தில் ஒரு முறை தலைகீழாகப் புரண்டு கலக்கிறது. நமக்கு அந்தக் கதையே இல்லை. நம் ஊரில் ஆழமில்லாத கண்மாய் ராத்திரி குளிர்ந்து தினமுமே கலந்துகொள்ளும். ஆழமான அணைகளில் கோடைகாலத்தில் மாடி கட்டும். ஆடிக்காற்று அடித்தாலோ, பெருமழை இறங்கினாலோ, மார்கழிக் குளிர் வந்தாலோ கலையும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆழியாறு, அமராவதிப் பக்கம் என்ன வேகத்தில் அடிக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். இதையெல்லாம் நம் ஆட்களே அளந்தும் வைத்திருக்கிறார்கள். 1960-களிலேயே ஏ.சீனிவாசன் என்ற மீன்வள ஆய்வாளர் மேட்டூர், அமராவதி அணைத் தண்ணீரை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நாம் பேசுவதுதான் இல்லை.

சரி, மீனுக்கு வருவோம். மீன் சூட்டை நம்மைப் போல "ஐயோ வெந்துபோச்சே" என்று உணர்கிறதா என்பதல்ல விஷயம். மீனின் உடம்புச் சூடு தண்ணீரின் சூடுதான். தண்ணீர் பத்து டிகிரி ஏறினால் அதன் உடம்புக்குள் நடக்கிற எல்லா வேலையும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும். பசிக்கும், மூச்சும் வாங்கும். அதே சமயம் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் என்றால் 30 டிகிரியில் ஏழரை, 35-ல் ஏழு. நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு லிட்டருக்கு 270 மில்லிகிராம் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், மீன் எவ்வளவு இழுத்துப்பிடித்துக் குடும்பம் நடத்துகிறது என்று தெரியும். வரவு குறைகிற அதே மாதத்தில் செலவு இரட்டிப்பாகிறது. எந்தக் கடையும் இப்படி நிறைய நாள் ஓடாது.

அதிலும் இந்த ஏழரை என்பது அதிகபட்சம்தான். தண்ணீரில் சாக்கடை, அழுகிய தழை, ஆகாயத்தாமரைக் குப்பை இருந்தால் அதை மக்கவைக்கிற கிருமிகள் ஆக்சிஜனைத் தின்றுவிடும். பகலில் பாசி ஆக்சிஜன் தரும், ராத்திரி அதுவும் எடுத்துக்கொள்ளும். விடிவதற்கு முன்புதான் கையிருப்பு மிகக் குறைவாக இருக்கும். மூன்று மில்லிகிராமுக்குக் கீழே போனால் கட்லா, ரோகு வகையெல்லாம் இரையெடுப்பதைக் குறைத்துவிடும். ஒன்றை நெருங்கினால் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

இப்போது மே மாதத்து அணை ஒன்றை யோசித்துப் பாருங்கள். மேல்மாடியில் சூடு. கீழ்மாடியில் குளிர்ச்சி, ஆனால் காற்று கலக்காததால் ஆக்சிஜன் தீர்ந்துபோயிருக்கிறது. மீன் எங்கே போகும்? நடுவில். அந்தத் தளத்துக்குச் சற்று மேலே ஒரு பட்டையில் வரிசையாக நிற்கும். ஈயக்குண்டைக் கட்டி இரையை அடிமண்ணில் போட்டுவிட்டு "கண்மாயில் மீனே இல்லப்பா" என்று சொல்பவர், பூட்டிக்கிடக்கும் வீட்டு வாசலில் பால் பாக்கெட் போடுகிறார். அவ்வளவுதான்.

தூண்டில்காரர்களின் பல பழக்கங்களுக்கு இதே கணக்கில் காரணம் கிடைக்கும். காற்று எந்தக் கரையில் மோதுகிறதோ அந்தக் கரைக்குப் போய் உட்கார்வார்கள். அங்கே அலையடித்து ஆக்சிஜனும் கலக்கும், மிதக்கும் பூச்சியும் பாசியும் ஒதுங்கும். கோடையில் மத்தியானம் தூண்டிலைச் சுருட்டிவைத்துவிட்டு வேப்பமரத்தடியில் படுப்பார்கள். மார்கழியில் நேர்மாறாக வெயில் ஏறிய பிறகுதான் வருவார்கள். வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்து சேரும் இடத்தை விடமாட்டார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் நான் பெரியவர்களோடு சண்டை போடுவேன். "விடியக்காலையில போனாத்தான் மீன்" என்பது தெளிந்த தண்ணீருக்குச் சரி. ஊர்ச் சாக்கடை கலந்து பச்சைப் பெயின்ட் மாதிரி இருக்கும் குளத்தில் விடியற்காலைதான் மீனுக்கு மூச்சுமுட்டும் நேரம். அங்கே எட்டு, ஒன்பது மணிக்கு மேல் போவதுதான் புத்திசாலித்தனம்.

எல்லா மீனுக்கும் ஒரே அளவுகோலும் கிடையாது. ஜிலேபி 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. எந்தச் சூட்டையும் தாங்கிக்கொண்டு இன்று தமிழ்நாட்டுக் குளமெல்லாம் அதன் ராஜ்ஜியம்தான். விரால் மேலே வந்து வெளிக்காற்றையே குடிக்கும், அதற்குத் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைப் பற்றிக் கவலை குறைவு. மறுபக்கம் நீலகிரி டிரௌட். வெள்ளைக்காரர்கள் தங்கள் தூண்டில் பொழுதுபோக்குக்காகவே இறக்குமதி செய்த மீன். அவலாஞ்சியில் 1907-ல் அதற்கென்று குஞ்சு பொரிப்பகமும் கட்டினார்கள். 20 டிகிரியைத் தாண்டினாலே அதற்கு அவஸ்தை ஆரம்பம். மலையேறினால்தான் பிழைக்கும். மேட்டுப்பாளையத்தில் விட்டால் ஒரு நாள் தாங்காது.

இதெல்லாம் பொழுதுபோக்குக்காரர்களின் சமாச்சாரம் என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். எனக்கு ஆற்றாமை எங்கே என்றால், மீன் செத்து மிதக்கிற இடத்தில்.

ஒவ்வொரு கோடையிலும், குறிப்பாக முதல் மழைக்கு மறுநாள், எங்கேயாவது ஒரு குளத்தில் மீன்கள் மொத்தமாகச் செத்து ஒதுங்கிய படம் வரும். பெங்களூரில் 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்ததே, அதுபோல. எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சில வருடங்களுக்கு முன் இதே நடந்தது. கண்மாயைக் குத்தகைக்கு எடுத்தவர் வட்டிக்கு வாங்கிக் குஞ்சு விட்டிருந்தார். இன்னும் ஒரு மாதத்தில் வலை இழுக்க வேண்டியது. ராத்திரி இடிமழை, காலையில் கரை முழுக்க வெள்ளை வயிறு. ஏலத்தில் தோற்றவர்தான் மருந்தைக் கலந்துவிட்டார் என்று பேச்சு கிளம்பி, போலீஸ் கம்ப்ளெயின்ட் வரை போய், இன்றைக்கும் அந்த இரண்டு குடும்பமும் கல்யாணம் காட்சிக்குப் பேசிக்கொள்வதில்லை.

அங்கே விஷம் கலந்தார்களா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் கரையில் கிடந்த மீனைப் பார்த்தவர்கள் சொன்னது: பெரிய கட்லாதான் அதிகம் செத்திருந்தது, குஞ்சுகள் பல உயிரோடு இருந்தன, விராலுக்கும் கெளுத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூச்சுமுட்டிச் சாகிற இடத்தில் இப்படித்தான் நடக்கும். பெரிய உடம்புக்கு ஆக்சிஜன் அதிகம் வேண்டும், அது முதலில் போகும். வெளிக்காற்றைக் குடிக்கும் மீன் தப்பிக்கும். எல்லாம் விடியலுக்கு முன் முடிந்துவிடும். விஷம் பொதுவாக இப்படிச் சிறியது பெரியது பார்ப்பதில்லை. குளிர்ந்த மழைத்தண்ணீர் கனமாக இருப்பதால் கீழே இறங்குகிறது, பல வாரமாக அடியில் மூச்சில்லாமல் கிடந்த நாற்றத் தண்ணீர் மேலே புரளுகிறது, மேகமூட்டத்தில் பாசியும் வேலை செய்யவில்லை. கையிருப்பு ஜீரோ. அந்தக் கண்மாயில் ஒரு வாரமாகச் சூடும் ஆக்சிஜனும் அளந்து எழுதி வைத்திருந்தால், ஒரு பழி மிஞ்சியிருக்கும். குத்தகைக்காரரும் முன்கூட்டியே பாதி மீனைப் பிடித்து விற்றிருக்கலாம். மழைக்கு இரண்டு நாள் முன்பே தூண்டிலில் மீன் கடிப்பது நின்றுவிட்டதாம். அதைச் சொன்ன தூண்டில்காரரை யாரும் கேட்கவில்லை, அவருக்கும் அது எதன் அறிகுறி என்று தெரியவில்லை.

அடுத்தது ஆழம். அக்கவுன்ட்ஸ் படிக்கிற எவனுக்கும் முதல் வருடமே சொல்லித்தருவது தேய்மானம். பத்து லட்சத்துக்கு வாங்கிய லாரியை இருபது வருடம் கழித்தும் பத்து லட்சம் என்று இருப்புநிலைக் குறிப்பில் காட்டினால் ஆடிட்டர் கையெழுத்துப் போட மாட்டார். ஆனால் மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடித்தபோது 93.47 டி.எம்.சி., இன்றைக்கும் பேப்பரில் அதே 93.47. தொண்ணூறு வருடமாக வந்து படிந்த வண்டல் எந்தக் கணக்கில் இருக்கிறது? அணைக்காவது ஆழம் மிச்சமிருக்கிறது. தமிழ்நாட்டின் 39 ஆயிரத்துச் சொச்சம் ஏரி, கண்மாய்களில் பலவும் மேடேறித் தாம்பாளம் மாதிரி ஆகிவிட்டன. நீர்மட்டம் கரையைத் தொடும், ஆழம் இடுப்பைத் தாண்டாது. நான் மேலே போட்ட அரை மீட்டர், நான்கு மீட்டர் கணக்கைத் திரும்பப் பாருங்கள். வெயில் கூடவில்லை என்று வைத்துக்கொண்டாலும், நாம் வண்டலை விட்டுவிட்டதாலேயே கண்மாய் சூடாகிறது. வெயில் நிஜமாகவே கூடியும் வருகிறது என்பது தனிக்கதை.

2017-ல் விவசாயிகள் ஏரி வண்டலை இலவசமாக அள்ளிக்கொள்ளலாம் என்று அரசு அனுமதித்தது. நல்ல காரியம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அள்ளுகிற விதம் இருக்கிறதே! ஜே.சி.பி. எங்கே சுலபமாக இறங்குமோ அங்கே செங்குத்தாக ஒரு குழி. மழை வந்தால் அதில் பிள்ளைகள் விழுந்து சாகிறார்கள். குப்பை சேர்ந்து அடியில் மூச்சில்லாத நாற்றத் தண்ணீர் தேங்குகிறது. ஆழம் மட்டும் இருந்தால் போதாது என்று சொன்னேன் அல்லவா, சாக்கடையும் ஆழமும் சேர்ந்தால் அதுதான் மீனுக்குப் பொறி. பழைய ஆட்கள் மடு என்று ஒன்று விட்டிருப்பார்கள். கோடையில் கண்மாய் சுருங்கும்போது மீனும் மாடும் தங்கும் இடம். சரிவாக, நாலைந்து மீட்டர் ஆழத்தில், சாக்கடை வாய்க்காலுக்கு எதிர்ப்பக்கம் அப்படி ஒரு மடுவை வெட்டச் சொல்லி அந்த அனுமதிச் சீட்டிலேயே ஒரு வரி சேர்த்தால் என்ன? அள்ளுகிற மண் அதே மண்தான், டீசலும் அதே டீசல்தான்.

அளப்பதும் பெரிய செலவில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சில ஏரிகளில் மாதிரி எடுத்துப் பார்க்கிறது. ஆனால் ஆபீஸ் நேரத்தில் போய்ப் பகலில் எடுத்தால் பாசி உபயத்தில் ஆக்சிஜன் நன்றாகத்தான் தெரியும். விடியற்காலை நான்கு மணிக்கு யார் போவது? கரையில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்தான் போக முடியும். மீன்தொட்டிக் கடையில் விற்கும் கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்று, வாய் அகன்ற பாட்டில் ஒன்று, ஒரு கல், இரண்டு கயிறு. தெர்மாமீட்டரைப் பாட்டிலுக்குள் போட்டு, தக்கையால் மூடி, கல்லைக் கட்டி இறக்குங்கள். வேண்டிய ஆழம் போனதும் தக்கையில் கட்டிய கயிற்றைச் சுண்டினால் அந்த ஆழத்துத் தண்ணீர் உள்ளே நிறையும். இரண்டு நிமிஷம் விட்டுத் தூக்கிப் பார்த்தால் கணக்கு கிடைத்துவிடும். வெறும் தெர்மாமீட்டரை இறக்கினால் மேலே வருவதற்குள் எண் மாறிவிடும், பாட்டிலோடு வந்தால் மாறாது. மேலே ஒரு எண், பத்தடியில் ஒரு எண். இரண்டுக்கும் மூன்று டிகிரி வித்தியாசம் வந்து, காற்றும் இல்லாமல், மேகம் கட்டுகிறதென்றால் குத்தகைக்காரருக்கு ஒரு போன் போட்டுவிட வேண்டியதுதான்.

"தூண்டில்காரன் ஏன்ப்பா இதைச் செய்யணும், அவனுக்கென்ன லாபம்?" என்று என் வகுப்பு நண்பன் கேட்டான். காமர்ஸ் கேள்வி. எந்த ஆழத்தில் மீன் நிற்கிறது என்று முதலில் தெரிந்துகொள்வது அவர்தானே! கூடை நிறைவது ஒரு லாபம். பல கண்மாய்களில் குத்தகைக்காரர் தூண்டில் போடுபவர்களை விரட்டுகிறார். தினம் இரண்டு எண் எழுதிக் கொடுப்பவரை விரட்ட மாட்டார். பெரியப்பாவிடம் போன மாதம் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் பாட்டிலை இறக்கிப் பார்த்துவிட்டு, "என் இடுப்பு சொன்னதைத்தான்டா இதுவும் சொல்லுது" என்றார். ஆனால் நோட்டில் எழுதுகிறார்.